ஓட்ட ஆளில்லாமல் நின்ற வண்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே நலம். எப்போதும் போல ஒப்புக்கு எழுதுகிறாள் என்று நினைக்காதே, இந்தத் தடவை நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், பாப்பாவுக்குச் சளி விட்டதா. விவாகரத்து ஆகி உன் அப்பா காரையும் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, கடையை மூடிவிட்டு வந்துவிடு, உனக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று போன் பேசும்போதெல்லாம் சொல்கிறாய். நானும் மழுப்பிக்கொண்டே இருந்தேன். ஜன்னல் திரை தைக்கிறவளுக்குத் துணியையும் கம்பியையும் ஏணியையும் வீடு வீடாகக் கொண்டுபோக வண்டி வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும், இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன. வந்த வேலையெல்லாம் கைநழுவியது. தையல் மிஷின் மேல் தலையை வைத்து அழுததும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன்.

திட்டாதே, உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். கார் ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டேன். கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான், வாய்க்கு வாய் அம்மா என்பாள், அதே வாயால் பிரேக்கைப் போடச் சொல்லிக் கத்துவாள். பழைய வேன் ஒன்றும் வாங்கினேன், நிறத்தை மட்டும் கேட்காதே. போன வாரம் முதல் வேலை, ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு. நம் கடையில் துணி வெட்டும் கத்தரிக்கோல் அக்காவும் நானும் ஏணியை ஏற்றி, கடையைப் பூட்டி, வேனில் உட்கார்ந்தோம். நான் பெல்ட்டைப் போட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பின்னால், மடித்த துணிகளுக்கு நடுவே. ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்தோம், வேர்க்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் அவள் மெதுவாக, "ஏம்மா, இன்னும் யாரு வரணும்?" என்று கேட்டாள். பார்த்தால் பழைய பழக்கத்தில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டியரிங் முன்னால் யாருமே இல்லை! வயிறு வலிக்கச் சிரித்தோம், பக்கத்து மருந்துக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பில், கண்ணு, உன் அப்பா மேல் இருந்த கோபம் பாதி கரைந்துபோனது. மீதி கொஞ்சம் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். பிறகு இறங்கிச் சுற்றிப் போய் உட்கார்ந்து ஓட்டினேன். ஒரு திருப்பத்தில் பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டுமே. டாக்டர் வீட்டு ஜன்னலில் திரை மடிப்பு மடிப்பாக விழுந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, உன்னைப் பெற்ற அன்று வந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உன் சித்தி வந்து, தனியாக எப்படித்தான் இருக்கிறாயோ என்று மூக்கைச் சிந்தினாள். அவளையும் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினேன், இப்போது வாராவாரம் வந்து நிற்கிறாள்.

ஆகவே என் பதில் இதுதான். வருகிறேன், ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டுதான் வருவேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, எனக்காகக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் மனம்போல வாழ அம்மாவின் ஆசி. மறக்காமல் அந்த அறை ஜன்னலை அளந்து அனுப்பு, கண்ணாடியை மட்டும் அளக்காதே, சட்டத்தையும் சேர்த்து அள. திரையைத் தைத்து எடுத்துவந்து நானே மாட்டிவிட்டுப் போகிறேன். அதை விருந்தாளி அறையாக வைத்துக்கொள், எனக்கு இங்கே வேலை கிடக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா