ஹீட்டரோடு சாத்தி வைத்த பலகை

அண்ணை,

இன்று காலை ஹேர்னிங் நகர மரக்கடைக்கு ஒரு பலகை வாங்கப் போனேன். உள்ளே யாரோ ஓக் மரத்தைச் சீவிக்கொண்டு நின்றார்கள். அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும், "சாராயப் பீப்பா திறந்தமாதிரி மணக்குதடா" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது. திரும்பியும் பார்த்துவிட்டேன். போன மாரியோடு நீங்கள் போய்விட்டீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோப்பியை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன்.

நாம் டென்மார்க்குக்கு அகதியாக வந்த அந்த வருடங்களில் நம் இருவரின் மனைவிமாரும் சண்டைக்கு நடுவே கிடந்தார்கள். உங்களுடையவர் மன்னாரில், என்னுடையவள் யாழ்ப்பாணத்தில். அவர்களை இங்கே எடுப்பதற்கு நாம் கொடுத்த விண்ணப்பங்களை இங்கத்தைய நீதி அமைச்சு அசையவிடாமல் வைத்திருந்தது. சனிக்கிழமை நாம் வேலை செய்த துணி ஆலைக்கு லீவு. விடிந்ததும் நான் தபால்காரனைப் பார்த்து ஜன்னலடியில் குந்திவிடுவேன்.

"எழும்படா. நீ முழுசிக்கொண்டிருந்தா அவன் சைக்கிளைக் கெதியா மிதிப்பானே?" என்று கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போவீர்கள்.

கடைக்காரி ஒரு நெட்டையான டேனிஷ் மனுசி. பலகை வாங்காதவனுக்கும் அங்கே கோப்பி உண்டு. வாங்கினவனைச் சீவுளி பிடிக்கப் பழக்காமல் வீட்டுக்கு விடமாட்டார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பலகை எந்த அறையில் இருக்கப்போகிறதோ, அந்த அறையிலேயே சில கிழமை கிடந்து பழகவேண்டும். அதற்குமுன் அதில் மரம் அறுக்கிற வாள் வைக்கக்கூடாது.

நீங்கள் என் கட்டிலுக்கென்று ஓக் பலகை தெரிவு செய்தீர்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அவள் வரமுன்னம் கட்டிலோ? பிள்ளை பிறக்கமுன்னம் ஆரும் தொட்டில் வாங்குவினமே?"

"கட்டில் ஆர் செய்யிறது? பலகைதானே வாங்குறம். அது தன்பாட்டிலை கிடக்கட்டும்."

நம் அறை தெரியும்தானே! குளிருக்குப் பயந்து ஹீட்டரை எப்போதும் உச்சச் சூடான ஐந்தில் திருகி வைத்துவிட்டு, பெனியனோடு இருந்தோம். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, தலைமாட்டுக்கான அகலப் பலகையைக் கொண்டுபோய் அந்த ஹீட்டரோடு சாத்தி வைத்தேன். ஒருநாள் டப்பென்று சத்தம். பலகை நீளத்துக்குப் பிளந்து கிடந்தது.

ஊரிலிருந்து கடிதம் வந்து கனகாலம். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். "முடிஞ்சுது, அண்ணை. அவளுக்கு என்னவோ நடந்திட்டுது" என்றேன். நீங்கள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினீர்கள். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன்.

கடைக்காரி பிளவைத் தடவிப் பார்த்தார். ஹீட்டர் எத்தனையில் என்று கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்தார். நீங்கள் என் பயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக என்னவோ சொன்னார். என் டேனிஷ் அப்போது அரைகுறை, நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள்.

"மரம் வெடிச்சது சூட்டாலை. உன்ரை மனுசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, விசரா எண்டுறா."

அந்த 'விசரா' என்ற பைத்தியக்காரப் பட்டம் உங்கள் சொந்தச் சரக்கு என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. கடைக்கு நடுவில் நின்று கண்ணீரோடு சிரித்தேன். பிளவுக்குக் குறுக்கே, வண்ணத்துப்பூச்சி மாதிரி இடை ஒடுங்கிய ஒரு சின்னக் கட்டையைப் பதித்து அதை இறுக்கும் வித்தையை அன்றே அவர் எனக்குக் காட்டித் தந்தார்.

பிறகு கோப்பன்ஹேகன் பாராளுமன்றத்தில் அமைச்சைப் பற்றிக் கேள்விகள் கிளம்பின, கிடப்பில் கிடந்த விண்ணப்பங்கள் அசைந்தன. ஒருநாள் அவளுக்கு அனுமதி வந்தே விட்டது! "இப்ப செய்யலாமோடா கட்டில்?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் கடைக்கு ஓடினீர்கள். அங்கே சனிக்கிழமைக்கு வருகிறவர்கள் எல்லாம் தங்கள் வேலையை வைத்துவிட்டு நம்மோடு சேர்ந்து சீவினார்கள், துளைத்தார்கள், இறுக்கினார்கள்.

அவள் வந்து கட்டிலைப் பார்த்து, "இதென்ன, புதுக் கட்டிலிலை ஒட்டு?" என்றாள். கதையைச் சொன்னேன். "இவரை இவ்வளவு நாளும் வைச்சுச் சமாளிச்ச உங்களுக்குக் கோயில்தான் கட்டவேணும், அண்ணை" என்றாள். "கோயில் வேண்டாம் பிள்ளை, ஒரு மீன்குழம்பு வை" என்றீர்கள். அடுத்த கோடைக்குள் உங்கள் மனைவியும் வந்து சேர்ந்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் அந்த உண்மையைச் சொன்னீர்கள்.

"உன்னைத் தேற்றவோ நான் கடைக்குப் போனனான்? என்ன சேதி வருமோ எண்டு வீட்டிலை இருக்க எனக்குப் பயமடா. தனியப் போகவும் பயம். அதுதான் உன்னையும் இழுத்தனான்."

அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன். அங்கே கேட்டபோது ஆறுதலாக இருந்தது. பயந்த மனிதனும் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்றால், எனக்கும் அது முடியும்தானே.

இப்போதெல்லாம் பயம் பிடித்தால் நான் வீட்டில் இருப்பதில்லை, அண்ணை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு மனைவியைக் கூப்பிடுவேன். "எங்கை?" என்பாள். "சும்மா வா" என்பேன். அவள் வருவாள்.