எழுந்து நிற்காத ஒரு நிமிடம்

பிப்ரவரி 9

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் விரைவில் வருகிறேன் என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. சட்டசபையில் நாங்கள் சொல்கிற ‘விரைவில்’ போலத்தான்.

மாலையில் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வாசலிலேயே, “மெம்பர் அம்மா இருக்காங்களா?” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை உறவு சொல்லி அழைத்ததில்லை. நான் வேற ஜனம்.

“தீர்மானம் இந்தத் தடவையாவது வருமா?”

“வரும் அண்ணி. இருபத்தாறாம் தேதி.”

“இனப்படுகொலைன்னு இருக்குமா? செஞ்சது யாருன்னு இருக்குமா?”

“இருக்கும்.”

யார் கேட்டார்கள் என்னை வாக்குக் கொடுக்கச் சொல்லி? வாய், வாய்.

பக்கத்து நாட்டு ராணுவம் என் கணவரின் ஜனத்தை அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் அடைத்துத் தீ வைத்தபோது மாமனாருக்கு ஆறு வயது. ஜன்னல் வழியாக யாரோ வெளியே எறிந்ததால் பிழைத்தார். அந்த ஜனம் இருந்த ஊர்களெல்லாம் அப்படித்தான் அழிந்தன. அந்த நாடு இன்றுவரை ‘அது போர்’ என்கிறது. எங்கள் சபையாவது உண்மையைச் சொல்லட்டும் என்று மாமனார் வருஷா வருஷம் மனு கொடுத்தார். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

பிப்ரவரி 13

கொறடா கூப்பிட்டனுப்பினார். கட்சியில் யார் எப்போது கை தூக்குவது என்று சொல்கிறவர்.

“உங்க தொகுதி பஸ் ஃபேக்டரிக்கு ஆர்டர் தரப்போறது எந்த நாடுன்னு தெரியும்ல?”

தெரியாமல் என்ன? தீ வைத்த அதே பக்கத்து நாடு. அரசியலுக்கு வருமுன் அங்கேதான் பஸ் சீட் தைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆர்டர் வந்தால் திரும்ப எடுப்பார்களாம். என்னோடு தைத்த தோழி நேற்று கடைத்தெருவில் கையைப் பிடித்துக்கொண்டாள். “வந்துடும்ல?” வந்துடும் என்றேன்.

அங்கேயும் ஒரு வாக்கு.

பிப்ரவரி 14

தலைவலி.

பிப்ரவரி 20

கொறடா மூளையே மூளை! தீர்மானம் வருகிறது — இரங்கல் தீர்மானமாக. “அக்காலப் போர்ச் சூழலில் இருதரப்பிலும் உயிரிழந்த அனைவருக்கும்.” செத்தவனும் அதில் உண்டு, கொன்றவனும் உண்டு. எங்கள் சபையில் இரங்கலுக்கு விவாதம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. சபாநாயகர் வாசிப்பார். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றால் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர் என்று யாரும் இருந்ததில்லை. எழவு வீட்டில் எவன் சண்டை போடுவான்?

“உங்க வீட்டுக்காரர் ஜனத்துக்கும் மரியாதை, ஆர்டருக்கும் பழுதில்ல. பாம்பும் நோகாம, பாம்படிச்ச கோலும் நோகாம!” என்று சிரித்தார்.

இதில் பாம்பு யார் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 21

சாப்பிடும்போது சொன்னேன். நாத்தனார் தட்டைத் தள்ளிவைத்தார்.

இவர் மெதுவாக, “கெடச்சதை வாங்கிக்கலாம் அக்கா. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.”

“தீ வெச்சவனுக்கும் சேர்த்து நான் எந்திரிச்சு நிக்கணுமா? இதை வாங்கிட்டா அவ்வளவுதான்டா. இனி எப்பக் கேட்டாலும், ‘அதான் அன்னைக்கே குடுத்தோமே’ம்பாங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க நிப்பீங்க. எனக்குத் தெரியும்.”

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சுட்டது.

பிப்ரவரி 25

இவரும் பாவம். “அப்பாவை நெனச்சு அந்த சபையில ஒரு நிமிஷமாவது எல்லாரும் நிக்கட்டுமே” என்கிறார். தப்பா? செத்தது அவர் ஆட்கள். நடுவில் நான் யார்?

உட்கார்ந்தால் கட்சி போகும், ஆர்டர் போகும், தோழி முகத்தில் விழிக்க முடியாது. நின்றால்? நின்றால் ஒன்றுமே ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

உட்கார்ந்துவிட்டேன்.

துணிச்சல் எல்லாம் இல்லை. “இருதரப்பிலும்” என்று சபாநாயகர் வாசித்ததும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எழுந்திரு என்று காலுக்குச் சொன்னேன். கால் கேட்கவில்லை. மயக்கமோ என்று பக்கத்து உறுப்பினர் தோளைத் தொட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நிமிர்ந்து பார்வையாளர் மாடத்தைப் பார்த்தேன். இவர் கண்ணைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். காவலர் குனிந்து என்னவோ சொல்கிறார், அவர் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா?

பிப்ரவரி 27

கட்டுப்பாட்டை மீறியதாகக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இவர் என்னோடு பேசவில்லை. தோழி போனை எடுக்கவில்லை. எனக்கு வந்த ஒரே போன், இவர் ஜனத்தில் ஒரு பெரியம்மாவுடையது. “எங்க செத்தவங்களுக்காக எந்திரிக்கக்கூட உனக்கு வலிக்குதா?” வைத்துவிட்டார். அழுதேன். யாரிடம் போய் விளக்குவேன்?

மார்ச் 6

ஆர்டர் வந்துவிட்டது. ‘ஏகமனதாக’ என்ற சொல் அந்த நாட்டுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. தோழிக்கு வேலை கிடைத்ததாம், வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. சந்தோஷம்தான், நிஜமாகவே.

அவைக்குறிப்பும் அச்சாகி வந்தது. “உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தனர்.”

அனைவருமா!

சபைச் செயலரிடம் ஓடினேன். “இரங்கல்னா எப்பவும் அப்படித்தாம்மா போடுவோம்.” நான் உட்கார்ந்திருந்தேனே என்றேன். “அப்படி நடந்ததா பதிவு இல்லையே.” வீடியோ? “மௌனத்தப்போ கேமரா சபாநாயகர் மேலதான் இருக்கும்.”

கட்சி என்னை நீக்கியது உட்கார்ந்ததற்காக. சபை சொல்கிறது, நான் உட்காரவே இல்லை என்று.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அத்தனை பேர் கண்ணு முன்னாடி நடந்ததை எப்படி இல்லைங்கிறான்? எப்படி வாய் வருது? நாத்தனார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

“ஒரு நாளைக்கே உனக்கு இப்படி இருக்கு. எங்கப்பா இதை ஆயுசு பூரா வெச்சிருந்தாரு.”

மார்ச் 9

குறிப்பைத் திருத்தக் கேட்டு மனு எழுதினேன். அன்று அவையில் இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், பார்வையாளராகவும் இருக்கலாம். நாத்தனார் பேனாவைத் திறந்தார்.

பத்து நாளாகப் பேசாதவர் பேசினார். “நீ போட்டா எடுபடாது அக்கா, நீயும் உட்கார்ந்திருந்தே. குடு இங்க. நின்னவன் நான் சொல்றேன், இவ உட்கார்ந்திருந்தான்னு.”

கையெழுத்து கோணலாக விழுந்தது.

மார்ச் 10

மனு வாங்கும் ஜன்னலுக்கு மூன்று பேருமாகப் போனோம். உள்ளே இருந்தவர் விலாசத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இந்த விலாசத்துல இருந்து ஒரு பெரியவர் வருஷா வருஷம் மனு கொண்டுவருவாரு. நீங்க அவருக்கு...?”

நான் வாயைத் திறக்குமுன் நாத்தனார் சொன்னார், “மருமக.”

ஜன்னலுக்குள் இருந்தவர் முத்திரை குத்தினார். விரைவில் பதில் வரும் என்றார்.