சுற்றும் குழாய்க்கு ஒரு பொட்டு

6 ஆகஸ்ட் 2006, ஞாயிறு

இன்றும் மீன் தொட்டியில் நாற்றம். அத்தை ஹாலுக்கு வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்ற தன் மகனைப் பார்த்துச் சொன்னார்கள்: "ஏஞ்சாமி, ஊட்டுக்குள்ளயே மீன் மார்க்கெட்டு வெச்சா மனுசன் சோறு திங்கறதா வேண்டாமா?"

நான் நின்ற இடத்தில் ஒரு பீரோ நின்றிருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். எங்களுடையது காதல் கல்யாணம். நாலு வருஷமாக அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "உம் பொண்டாட்டிகிட்டச் சொல்லு" என்று இவர் வழியாகத்தான் எனக்குத் தபால் வரும்.

தொட்டியை வாங்கி வந்தது இவர்தான். வெளிநாட்டுக்குப் பனியன் வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஏஜென்ட் ஆபீஸைக் காலி செய்தபோது சும்மா கொடுத்தாராம். உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, இரண்டு ஆரஞ்சு மீன், பாறை மேல் காளான் மாதிரி விரியும் பவளம். இவருக்கு மூன்றே மாதத்தில் அலுத்துவிட்டது, எனக்கு ஒட்டிக்கொண்டது. நான் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவள் என்பதால் கடல் ஆசை என்று நினைக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த அப்பாவோடு வேலம்பாளையத்தில்தான் வளர்ந்தேன். இந்த வீட்டில் எல்லாமே எனக்கு முன்னால் வந்தவை. எனக்குப் பிறகு வந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான், அதனால்தான்.

தீபாவளிக்குள் நாற்றம் போகாவிட்டால் கோயமுத்தூர்க்காரர் ஒருவருக்குத் தொட்டியைக் கொடுத்துவிட வேண்டுமாம். இவர் தன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? மகராசன்.

9 ஆகஸ்ட்

காரணம் பிடிபட்டது. மோட்டார் தண்ணீரை ஒரே குழாய் வழியாக ஒரே திசையில்தான் திருப்பி விடுகிறது. பாறைக்குப் பின்னால் இடது மூலையில் தண்ணீர் அசைவதே இல்லை. அழுக்கெல்லாம் அங்கே போய்ப் படிந்து அழுகுகிறது. அந்தப் பக்கத்துப் பவளம் சுருங்கிக் கிடக்கிறது.

பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வெளிநாட்டில் குழாயின் வாயையே மெதுவாகச் சுற்ற வைக்கிறார்கள். தண்ணீர் ஒரு சுற்றில் எல்லா மூலைக்கும் போய் வருகிறது. இங்கே அது கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன, கீழ்த்தளத்துக் கம்பெனியில் பனியன் துணி பின்னும் பன்னிரண்டு நிட்டிங் மெஷின் நாள் முழுக்கச் சுற்றுகிற வீடு இது. ஒரு குழாயைச் சுற்ற வைக்க முடியாதா?

20 ஆகஸ்ட்

மேஜை ஃபேனின் கழுத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். நாலு நாள் தலையாட்டியது. பிறகு உப்பில் துருப்பிடித்து நின்றுவிட்டது. இந்த வீட்டில் எனக்குத் தலையாட்ட அது ஒன்றுதான் இருந்தது.

27 ஆகஸ்ட், ஞாயிறு

குடோனில் ஒரு புதையல்! ஷோரூமில் பனியன் மாட்டிய பொம்மையைச் சுழற்றிக் காட்டுகிற மேடை. அதன் மோட்டார் கோயில் யானை மாதிரி அவசரமே இல்லாமல் சுற்றுகிறது. தண்ணீருக்கு மேலே ஒரு டப்பாவுக்குள் அதை வைத்தேன். ஒரு பிவிசி குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே இருப்பதுதான் சுற்றும். அதன் அடியில் வளைந்த வாய். இரண்டு குழாய்க்கும் நடுவில் இரும்பு கூடாது என்று லேத் பட்டறை சாமியப்பன் அண்ணனிடம் நைலானில் ஒரு புஷ், உள்குழாய் வழுக்கிச் சுற்ற ஒரு வளையம், கடைந்து வாங்கினேன். மோட்டாரையும் குழாயையும் இணைக்க, நிட்டிங் மெஷினில் நூல் ஊட்டும் சக்கரங்களைச் சுழற்றுகிற பல் பெல்ட். பழசுதான்.

"ஏனுங்க மேடம், கம்பெனியவே கழட்டித் தொட்டிக்குள்ள போட்டுருவீங்களாட்ட இருக்குதுங்க?" என்றார் இவர். பெல்ட்டை அறுத்துக் கொடுத்ததும் இவர்தான். அதற்காகத் தீபாவளித் தீர்ப்பை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

3 செப்டம்பர்

ஒழுகுகிறது. ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். தபால்கூட வரவில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

சுற்றுகிறது! ஒழுகாமல் சுற்றுகிறது!

குழாயின் வாய் மெதுவாகத் திரும்ப, பவளம் இந்தப் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் சாய்கிறது. மூலையில் இருந்த அழுக்கு கிளம்பிப் போய் வடிகட்டியில் விழுந்தது. இரண்டு மீனும் முதலில் பயந்து ஒளிந்தன. பிறகு தண்ணீர் வருகிற நேரம் பார்த்து அதற்கு எதிரே நீந்தி விளையாடுகின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பிவிசி குழாய்க்கு அழுதவள் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

சாயங்காலம் காப்பி போட்டு எடுத்து வந்தால், அத்தை சோபா ஓரத்தில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டார்கள்.

19 செப்டம்பர்

நாற்றம் போயே போச்சு. யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

கீச் கீச் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. புஷ்ஷில் உப்புக் காய்ந்து உறைவதால். ஈரத் துணியால் துடைத்தால் ஒரு நாள் சும்மா இருக்கிறது, மறுநாள் மறுபடி கத்துகிறது.

1 அக்டோபர், ஞாயிறு. ஆயுத பூஜை

மெஷினெல்லாம் துடைத்து, மாலை போட்டு, கம்பெனியே கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லா மெஷினுக்கும் அத்தை தன் கையால் எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மாமனார் இரண்டே மெஷின் போட்டுத் தொழில் ஆரம்பித்த காலத்திலிருந்து அது அவர்கள் வேலை. வேறு யாரும் தொடக்கூடாது. நான் பொரி கடலைப் பொட்டலம் கொடுத்தேன். கை வலிக்கிறது, தூங்கப் போகிறேன்.

2 அக்டோபர்

விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பார்த்தால் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய். பவளம் எல்லாம் முஷ்டி மடக்கிக்கொண்டு கிடந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முகர்ந்து பார்த்தேன், நிட்டிங் மெஷின் எண்ணெய். கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர் மாரிச்செல்வம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பின்கட்டு ரூமிலிருந்து அவனைக் கூப்பிட்டு, எங்க ஊர்ப் பேச்செல்லாம் வெளியே வர, கத்தினேன். "எண்ணெ டப்பாவ இங்கன கொண்டாந்தது யாருல? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எக்கா, சத்தியமா நான் மாடிக்கே வரலக்கா."

அப்போது சமையலறை வாசலிலிருந்து அத்தையின் குரல். "அவனத் திட்டாத. நாந்தான் உட்டேன்."

இவரிடம் சொன்னதல்ல. இவர் வீட்டிலேயே இல்லை. என்னிடம் சொன்னார்கள்.

"கீச்சு கீச்சுன்னு கத்திட்டே கெடந்துச்சு. சுத்தறதுக்கு எண்ணெ உடாம இருக்கலாமா? நின்னு போச்சுன்னா நீ மறுக்கா மொதல்ல இருந்து செய்யோணுமல்ல..." சேலை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

மோட்டார் டப்பாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். கீழே பன்னிரண்டு மெஷினுக்கும் வைத்த அதே பொட்டு. பதிமூன்றாவதாக என்னுடையது.

கோபப்படுவதா, காலில் விழுவதா? இரண்டுக்கும் நேரமில்லை. கீழே ஓடி, சாயப்பட்டறைக்குப் போகாத கிரே துணியை அள்ளி வந்தேன். அது சட்டென்று தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயைத்தான் குடிக்கும். "அத்தை, அந்த முனையப் பிடிங்க" என்றேன். பிடித்தார்கள். அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தண்ணீர் மேல் துணியை விரித்து இழுத்தோம். மறுபடி ஒரு துணி. மறுபடி. இடையில் நான் கேன் தண்ணீரில் உப்பைக் கலந்து புதுத் தண்ணீர் மாற்றினேன். மத்தியானம் வரை சோறு ஆக்கவே இல்லை. இவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓட்டலுக்குப் போய் பார்சல் வாங்கி வந்தார். அவ்வளவு புத்தி எப்போதாவதுதான் வேலை செய்யும்.

4 அக்டோபர்

மீன் பிழைத்துக்கொண்டது. இடது மூலைப் பவளம் போய்விட்டது. மற்றது இன்னும் திறக்கவில்லை.

சாப்பிடும்போது: "சாமி, உம் பொண்டாட்டிகிட்டக் கேளு, மீனு தீனி எடுத்துச்சான்னு." பழையபடி தபால். நேற்று முன்தினம் பேசியது நான் கண்ட கனவா? தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

9 அக்டோபர்

பவளம் பாதி திறந்திருக்கிறது. விடிந்ததும் யாரோ புஷ்ஷை ஈரத் துணியால் துடைத்திருக்கிறார்கள். துணி மடித்து டப்பா மேல் இருந்தது. நான் அப்படி மடிக்க மாட்டேன்.

21 அக்டோபர், தீபாவளி

தொட்டி இருக்கிறது. கோயமுத்தூர்க்காரரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தை எனக்கு எடுத்த புடவையை இவர் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல நிறம்.

19 நவம்பர், ஞாயிறு. வேலம்பாளையம், அம்மா வீடு

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வந்தது, இன்றோடு ஒரு வாரம். இப்போது எழுந்து நடமாடுகிறாள். இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்கிறாள், கறி எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

மூன்று மணிக்கு செல் அடித்தது. எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பர். இவர்தான் என்று எடுத்து "என்ன, சட்டை கிடைக்கலியா?" என்றேன்.

"அலோ!" பத்து ஊருக்குக் கேட்கிற சத்தம். அத்தை. அவர்கள் தானாக போன் நம்பரை அழுத்தி நான் பார்த்ததே இல்லை. "தொட்டீல தண்ணி ஒரு வெரக்கடை கொறஞ்சிருக்குது. நல்ல தண்ணி ஊத்தறதா, உப்புத் தண்ணி ஊத்தறதா?"

"நல்ல தண்ணிதான் அத்தை. கேன் தண்ணி. மெதுவா ஊத்துங்க."

"செரி."

வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. போனில் கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.

"ஏங்கண்ணு," என்றார்கள். குரல் இறங்கியிருந்தது. "நீ ஊட்டுக்கு எப்ப வர்றே?"

"யாருளா போன்ல?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், இன்றைக்கே வருகிறேன் என்று.

ஆறரைக்கு பஸ் இருக்கிறது. கறியை அம்மா தூக்குச் சட்டியில் போட்டுத் தருகிறாளாம், அத்தைக்கும் சேர்த்து.