உன்னை மூன்று நாள் காக்க வைத்தேன்

அண்ணா,

இன்று காலை நம் தெருவின் கடைசி வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்தது. சின்ன யானை வண்டியிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இறந்தது தொண்ணூறு வயது தாண்டிய ஒரு பாட்டி. கல்யாணச் சாவுதான், மேளம்கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பெட்டியின் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் உன் மகள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், அந்தப் புழுக்கத்தில் ஃபேனை ஜாஸ்தி பண்ணிவிட்டு மறுபடியும் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள். ஏன் பாப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் படித்த படிப்பை ஆரம்பித்து வைத்தவனே நீதான். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு, பத்து வயது மூத்த நீ கார் ஓட்டி என்னை வளர்த்தாய். ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் கொண்டு விடுவதும் உன் வேலை. வருஷா வருஷம் ஸ்வீடனிலிருந்து ஓர் அம்மாள் வருவார். அவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே பொறுக்கி வந்து என்னிடம் கொட்டுவாய். ‘யேத்தெப்ரா’ என்றால் ரொம்ப நல்லா இருக்கு என்று அர்த்தமாம். அன்றிலிருந்து அண்ணி வைக்கும் காரக்குழம்பும் யேத்தெப்ரா, வண்டிக்குப் போட்ட புது டயரும் யேத்தெப்ரா. அந்த அம்மாள் ஒரு தடவை ஊருக்குக் கிளம்பும்போது எனக்கென்று ஒரு ஸ்வீடிஷ் பாடப்புத்தகத்தை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதிலேயே விழுந்து கிடந்தேன்.

பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, உதவித்தொகையோடு ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஸ்காண்டிநேவிய மொழிகளும் பண்பாடும். கீழ்பென்னாத்தூர் பெரியப்பாவுக்கு அந்தப் பேரே தொண்டையில் இறங்கவில்லை.

“அந்த பாஷைய படிச்சுட்டு இந்தப் பொண்ணு எங்கடா வேலை பார்க்கும்?” என்றார்.

“குளிர்ல பார்க்கும், பெரியப்பா. வேர்க்காது பாருங்க” என்றாய்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நீயே பதில் சொல்லி அனுப்பிவிட்டாய் என்று அண்ணி பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அங்கே எங்கள் வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். ஸ்வீடிஷ், நார்வேஜியன், டேனிஷ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒருநாள் வீடியோ காலில் டேனிஷ் ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இன்னாடி இது, வெத்தலைய வாயில அடக்கிக்கினு பேசுறான்?” என்றாய். அதை மறுநாள் வகுப்பில் சொன்னேன். எங்கள் ஆசிரியை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில், உன் போன் வரும் நேரத்தை வைத்துத்தான் எனக்குப் பொழுது நகர்ந்தது.

பண்பாட்டுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் சாவை எடுத்துக்கொண்டேன். அங்கே ஒருவர் இறந்தால் பேப்பரில் சின்னதாக அறிவிப்பு போடுவார்கள். மேலே ஒரு சிலுவை, இல்லாவிட்டால் ஒரு பூ, ஒரு பறவை. அடக்கம் மூன்று வாரம் கழித்து. சொந்தக்காரர்கள் எல்லோரும் லீவு பார்த்து, டிக்கெட் பார்த்து வந்து சேர்வார்கள். அது முடிந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். பல வருஷத்துப் பேப்பர்களைப் புரட்டி அந்த அறிவிப்புகளைப் படித்தேன். நம் ஊரில் காலையில் போனவரைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறோம், தூரத்தில் இருப்பவனுக்கு முகம் பார்க்கக் கிடைப்பதில்லை, துக்கத்துக்கு நேரம் கொடுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான் என்று எழுதினேன். நல்ல மார்க். அந்தப் பெருமையோடு உனக்கும் படித்துக் காட்டினேன்.

“மூணு வாரமா! அடப்பாவிங்களா, அது வரைக்கும் வீட்ல அடுப்பு மூட்டாம எப்படி இருப்பாங்க?”

“வீட்ல இல்லண்ணா. ஆஸ்பத்திரியில, குளிர் ரூம்ல வெச்சிருப்பாங்க. இவங்க பாட்டுக்கு சமைப்பாங்க, வேலைக்குப் போவாங்க.”

“அப்படிச் சொல்லு. வெளிய வெச்சா மூணு மாசம்கூட வெக்கலாம். வீட்ல வெச்சாத்தான் கஷ்டம்.”

என் கட்டுரையில் இல்லாத ஒரே விஷயம் அதுதான், அண்ணா. ஆசிரியைக்கு அது தோன்றவில்லை, அவர் நம் வீட்டைப் பார்த்தவர் இல்லை. நான் பார்த்தவள். நீ சொன்ன பிறகும் நான் சிரித்துவிட்டு, பாப்பாவைக் கூப்பிடு என்று பேச்சை மாற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ஏர்போர்ட்டில் ஆளை விட்டுவிட்டு விடியற்காலையில் வேங்கிக்காலில் நம் வீட்டுக்கு வந்த நீ, நெஞ்சு அடைக்குது என்று வாசலிலேயே உட்கார்ந்தாயாம். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணி போனில் அழுதாள். பிறகு பெரியப்பா வாங்கிப் பேசினார்.

“ஏம்மா, நீ வந்து சேர எவ்ளோ நேரமாவும்? சாயங்காலமே எடுத்துடலாம்னு இருக்கறோம்.”

நான் கத்தினேன். “எடுக்கக் கூடாது பெரியப்பா! நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடுறேன். நான் பார்க்காம எடுத்தா உங்க யாரையும் மன்னிக்க மாட்டேன்.” இங்கே எல்லாம் மூன்று வாரம் வைப்பார்கள், உங்களால் ஒரு நாள் வைக்க முடியாதா என்று வேறு கேட்டேன். அதைக் கேட்டது நான்தான். படித்தவள்.

பாவம், அவர் உடனே ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டார். நம் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு எதிரே, உன்னைக் கண்ணாடி மூடிக்குள் படுக்க வைத்தார்கள்.

அன்றைக்கு அங்கே பனிப்புயல். விமானம் ரத்து. மறுநாளும் காலையில் ரத்தாகி ராத்திரிதான் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி “இன்னும் கொஞ்ச நேரம்” என்றேன். நாளை சாயங்காலம் என்று நான் சொன்னது வியாழக்கிழமை ஆகிவிட்டது. சென்னையில் இறங்கி வாடகைக் கார் பிடித்து, செஞ்சி தாண்டி வந்தால், கீழ்பென்னாத்தூரில் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது பௌர்ணமி என்றுகூட ஞாபகம் இல்லை.

மணி நாலரை. பெரியப்பா, “அங்கேயே நில்லு, பைக் அனுப்புறேன். இருட்டறதுக்குள்ள வந்துடலாம்” என்றார். அண்ணி அவரிடமிருந்து போனை வாங்கினாள். அவளுக்குக் குரலே இல்லை.

“வேணாம்மா. போதும். நேத்து மத்தியானம் கரண்ட் போயி, ஜெனரேட்டர் வர்றதுக்கு லேட்டாயிடுச்சு. அவரு முகம் மாறிடுச்சும்மா. நீ பார்க்க வேணாம். உங்கிட்ட நல்லா இருந்த முகம் இருக்குதில்ல, அதையே வெச்சுக்கோ.”

“சரி அண்ணி, எடுத்துடுங்க” என்றேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. நான் பார்க்க வேண்டாம். மூன்று நாள் ஒரு வீட்டையே நிறுத்தி வைத்தவள், கடைசியில் காருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அடுப்படியில் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக அண்ணியின் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இல்லையாம். தெரு அம்மன் கோயிலில் மூன்று நாளாக விளக்குகூட ஏற்றவில்லை. பிணம் கிடக்கும் தெருவில் பூஜை ஏது? அதற்காக ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. “தங்கச்சி முகம் பார்க்க வாணாமா” என்று பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்பாவைப் பற்றி அண்ணி சொன்னது பல மாதம் கழித்து. எட்டு வயதுப் பிள்ளையை எங்கே அனுப்புவது, யார் பார்த்துக்கொள்வது? அவள் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். கண்ணாடியில் உள்ளே நீர் கோத்தால் வெளியிலிருந்து தன் ஸ்கூல் கர்ச்சீப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாளாம். அது போகவில்லை என்று அழுதாளாம். மூன்றாம் நாள் காலையில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துடைப்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அழவும் இல்லை.

நான் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தேன், அண்ணா. விட்டுவிட்டால் நீ திட்டுவாய். அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று ஆசிரியையிடம் கேட்டேன். மார்க் கொடுத்தாகிவிட்டதே, எதற்கு என்றார். உங்கள் ஊரில் செத்தவர்கள் காத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் யாரும் அப்படிச் சட்டென்று கையைப் பிடிக்க மாட்டார்கள்.

இப்போது நம் வீட்டு மாடி அறையிலிருந்து ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அண்ணி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

போன வாரம் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அத்தை, அப்பா சிரிச்சா எப்படி இருப்பாரு?”

“போன்ல எவ்ளோ போட்டோ இருக்குது, பாப்பா. எடுத்துப் பாரேன்.”

“பார்த்தேன் அத்தை. பார்க்கும்போது இருக்குது. கண்ண மூடினா அந்த முகம்தான் வருது.”

நான் சொல்ல ஆரம்பித்தேன். என்னை முதல் தடவை விமானம் ஏற்றும்போது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அழக் கூடாது என்று உதட்டைக் கடித்து, கடைசியில் முன்பல் தெரியச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பை. இடது கண் சுருங்குவதை. சிரிப்பு அடங்குவதற்குள் மூக்கைத் துடைத்துக்கொள்வதை. எனக்கு எல்லாம் அப்படியே தெரிகிறது. வாயால் சொல்லச் சொல்ல அவள் “ம்” கொட்டினாள். முடித்ததும், “வரல அத்தை” என்றாள்.

உன் நல்ல முகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அண்ணா. அது அவளுக்குச் சேர வேண்டியது.