கோர்ட்டுக் கட்டடத்தில் நாலு நாள்

எங்கள் மூத்தவளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. நாங்கள் ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கணும். வீட்டு ஓடு மாற்றி முடிகிற வரைக்கும் தங்குங்கள் என்று நீ ஏற்பாடு பண்ணிய ஹோட்டலுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஹோட்டலாம் ஹோட்டல். சாவி கொடுக்க ஆள் இல்லை, அடுப்பு இருக்கு நீயே பொங்கித் தின்னு, பாத்திரம் இருக்கு நீயே கழுவு. இதைத்தானே உங்கம்மா நாற்பத்தாறு வருஷமாக வீட்டில் செய்கிறாள், அதற்கு இவ்வளவு தூரம் வரணுமா? வந்த அன்றைக்கு மத்தியானம் முழுக்க வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம். இது அந்தப் பழைய கோர்ட்டும்மா, அதைத்தான் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். இங்கே டவாலி மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடாமல் எவனும் உள்ளே கால் வைத்ததில்லை, அந்தப் பழக்கத்தில் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். கடைசியில் பக்கத்து அறைக்காரர்தான், இங்கே யாரும் வரமாட்டாங்க பெரியவரே, போனில் வந்த நம்பரைக் கதவில் அழுத்துங்க என்று சொல்லித் திறந்துவிட்டார். மறுநாள் உங்கம்மா சும்மா இராமல் மாடிப்படியைப் பெருக்க, அதே மனுஷன் இவளை வேலைக்காரி என்று நினைத்துச் சோப்பு கேட்டார், இவளும் நம் சோப்பை எடுத்துக் கொடுத்தாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுதுடி என்றேன்.

சுவரில் ஒரு பித்தளைத் தகடு. அம்மா வாசித்தாள். ஜட்ஜு நாற்காலியைப் பற்றி நாலு வரி, கூண்டில் நின்றவனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எனக்குப் படிப்புத்தான் வராது, மறதியும் வராது. இப்போது கட்டில் போட்டிருக்கிற இடத்தில்தான் சாட்சிக் கூண்டு. நம் வீட்டைத் தன் வீடு என்று என் சித்தப்பா போட்ட வழக்கில் பதினாலு வாய்தா அங்கே நின்றேன். கைநாட்டுப் பயலுக்கு எல்லை என்ன தெரியும் என்றான் எதிர்க்கட்சி வக்கீல். நாலு பக்கத்து அளவும், எந்தச் சுவர் எந்த மாசம் எழும்பியது என்பதும், எந்தக் கொத்தன் நிலை வைத்தான் என்பதும் சொன்னேன், வீடு நமக்கே என்று தீர்ப்பாச்சு. நீ அப்போது அம்மா வயிற்றில். அந்த வீட்டை விற்றுவிட்டு இந்த மாதிரி இடத்தில் ராஜா மாதிரி இருங்கள் என்று பத்திரம் அனுப்பியிருக்கிறாய். எந்த ராஜாம்மா தன் கக்கூசைத் தானே கழுவினான்?

சின்னப் பயலுக்கு இருமல் விட்டதா, வெந்நீரே கொடு. உன் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள், உன் மனசு நோகக்கூடாதாம். என் பெருவிரல் அவ்வளவு இளகினது இல்லை. லீவு போட்டு வா, புது ஓட்டுக்குக் கீழே பத்து நாள் படுத்து எழுந்திரு, அப்புறம் என் முகத்தைப் பார்த்து, வித்துடுங்கப்பா என்று ஒரு தரம் சொல். விரலை நீட்டுகிறேன். எங்கள் ஆசி உங்கள் எல்லார் தலைமேலும் இருக்கட்டும். வருகிற தேதியை முன்கூட்டியே சொல்.

இப்படிக்கு உன் அப்பா. இந்தக் காகிதத்துக்கு மட்டும் விரல் வைத்திருக்கிறேன்.