நான் நிமிர்த்திய விரல்

செவ்வாய், ஏப்ரல் 22

ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டும் மனசு அந்தத் துணிக் கையிலேயே நிக்குது.

கல்லூரித் தையல் கூடத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மாணவி கலைவாணி கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குத் துணியில் பஞ்சடைத்து, இடுப்புயரத்துக்கு ஒரு கை செய்திருந்தாள். நடுவிரல் மட்டும் கோணலாக இருந்தது. தையல் இழுத்துவிட்டது என்று நினைத்தேன். நேற்று அவள் வீராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறிய பிறகு, விரலைப் பிரித்து நேராகத் தைத்து, பஞ்சை இறுக்கி அடைத்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

காலையில் வந்து பார்த்தவள் கத்தவில்லை. "அண்ணா, எங்கப்பா விரல் எங்க?" என்றாள்.

கடல்ல மீன் பிடிக்கறப்போ வலைக்கயிறு சுத்தி ஒடிஞ்ச விரலாம். பாத்துப் பாத்து மூணு வாரம் தைத்தாளாம். நாளை பத்து மணிக்கு மார்க் போட வெளியிலிருந்து ஆள் வருகிறார்.

"சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். தப்பு பண்ணதும் நான், கேள்வி கேட்டதும் நான்.

"நீங்க கேட்டிருக்கலாமில்ல?"

கூட உட்கார்ந்து கோணலாகத் தைக்கப் பார்த்தேன். மூன்று தடவையும் நேராகவே வந்தது. "விடுங்கண்ணா, உங்களுக்கு வராது" என்று ஊசியை வாங்கிக்கொண்டாள்.

வாட்ச்மேன் பூட்ட வந்தபோது விரல் பாதிதான் மடங்கியிருந்தது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மீதியைத் தைக்கிறேன் என்று துணிக் கையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மன்னிப்பு கேக்கணும்னுதான் வாசல் வரைக்கும் போனேன். "தடிச்ச ஊசி எடுத்துட்டுப் போ" என்றுதான் வாயில் வந்தது.

இந்நேரம் முடித்திருப்பாளா, தெரியல.