வியர்வையை நடிக்க முடியாது, அப்பா

அப்பாவுக்கு, வணக்கம். எனக்குச் சளிகூட இல்லை. உங்கள் முட்டிவலி தேவலையா?

நேற்று எங்கள் சலவைக்கூடத்தில் சின்னக் கலாட்டா. என் அறைத்தோழன், ஒல்லியாக இருப்பதால் நாங்கள் 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிடுகிறவன், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரே நடுக்கம், வியர்வை. "செத்துடுவேன்டா" என்றான். இதயத்தில் கோளாறில்லை, இது பேனிக் அட்டாக், திடீரென்று வரும் பெரும்பயம் என்று டாக்டர் முன்பே சோதித்துச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசரோ, "நடிக்காத, எந்திரி!" என்று கத்தினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வேர்வையக்கூட நடிக்க முடியுமா சார்? தள்ளி நில்லுங்க!"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்கதான்டா இருக்கேன். என்கூட மெதுவா மூச்சு விடு" என்றேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை.

கூட்டமான பஸ்ஸில் அம்மாவுக்கு வரும் படபடப்பும் இதுவாகத்தான் இருக்கும். டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி வந்தால் பக்கத்திலேயே இருங்கள். நீங்கள் "நடிக்காதடி" என்று அதட்டியதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது என் கண்ணிலேயே நிற்கிறது.

ஊரார் துணியெல்லாம் துவைக்கிறேன். எனக்குப் போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. சூப்பர்வைசரை நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். உங்களைக் கேட்கப் போனில் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதினேன்.

உங்கள் மகன்